பழுப்பு நிறத்துக்காக ஆம்பூர் போன லினக்ஸ்

2008-ல் ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலூரில் ஆம்பூர் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய். சட்டைப் பையில் இரண்டு பென்டிரைவ், ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ். கம்ப்யூட்டரில் விண்டோஸ் படுத்துவிட்டாலும் இவை பென்டிரைவிலிருந்தே ஓடி, உள்ளே இருப்பதை மீட்டுத் தரும். ஒன்று பெரியது, நல்ல லட்சணம். மற்றது குட்டி, பார்க்கச் சுமார். குட்டியைச் சும்மா துணைக்குத்தான் எடுத்துக்கொண்டேன்.

மாதனூர் தாண்டியதும் பக்கத்து சீட் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆம்பூர் வந்துட்ச்சு" என்றார்.

நண்பன் பைரோஸ் தோல் தொழிற்சாலை கேட்டிலேயே நின்றிருந்தான். சாயப் பிரிவு அவன் பொறுப்பு. ஒரு ஆர்டரில் பாதித் தோலுக்குப் பழுப்பு ஏற்றியாகிவிட்டது. மீதியும் அதே பழுப்பாக வரவேண்டும். கலவை விவரமோ படுத்துவிட்ட கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

"கம்ப்யூட்டர் கடைக்காரன் ஃபார்மட் பண்ணணும், உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடுங்கிறான். கலர் கொஞ்சம் மாறினாலும் மொத்தத்தையும் திருப்பிடுவாங்க. என் வேல காலி, தோஸ்த்!"

பெரிய லினக்ஸ் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பழைய மிஷினின் மெமரி அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. வேறு வழியில்லாமல் குட்டியைச் செருகினேன். எழுந்துகொண்டது! கலவை ஃபைலும் தெரிந்தது. ஆனால் அதைத் திறக்கக் குட்டிக்குத் தெரியாது. வேறு மிஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். குட்டியின் பென்டிரைவில் துளி இடமில்லை.

"இன்னொன்ன பக்கத்து ஓட்டைல சொருவேன்."

சொருகினேன். அசையவில்லை.

"அய்ய, மறந்துட்டேன். பக்கத்து ரூம்ல தோல் தேய்க்கிறாங்க. தூசி போய் அடச்சி, ஒரே ஓட்டதான் வேல செய்யுது."

அதற்குள் ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. சாய டிரம்கள் ஒவ்வொன்றாக நின்றன. பைரோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு, "நான் துவா கேக்கறேன். நீ இன்னா பண்ணுவியோ பண்ணு" என்று போய்விட்டான்.

தனியே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. குட்டி அத்தனை சின்னது என்பதால், ஆரம்பத்திலேயே முழுசாக மெமரிக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு பென்டிரைவ் எதற்கு? பயந்துகொண்டே பிடுங்கினேன். திரை அப்படியே இருந்தது. காலியான அந்த ஒரே ஓட்டையில் பெரியதைச் செருகி ஃபைலை அதில் இறக்கினேன். அப்பாடா!

தொழுகை முடிந்து வந்தவன் அதைக் கணக்கு அறை மிஷினில் திறந்தான். கலவை வந்தது. அங்கேயே பிரிண்ட் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றபடி நாற்காலியில் சரிந்தான். பிறகுதான் இருவருக்கும் பசித்தது. பிரியாணியை நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ் மாதனூர் வந்தபோது பையைத் தடவினேன். குட்டியைக் காணோம். போன் போட்டேன்.

"எங்கிட்டதான் இருக்குது," என்றான் பைரோஸ். "உனக்கு அந்த அழகானது போதும்ல?"

போதாதுதான். ஆனாலும், "நீயே வெச்சிக்கோ" என்றேன்.