பெயரில்லாத வீட்டுக்காரர்

அல்தினே தன் வீட்டுக்காரரின் பெயரைப் பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. கானோ நகரத்துப் பழைய மதிலுக்குள் ஒழுங்காக வளர்ந்த எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவர் பெயர் மட்டுமா, மாமனார் பெயரும் மைத்துனர் பெயரும்கூட நாக்கில் வராது. அதே பெயருள்ள ரொட்டிக்காரனை அவள் பிள்ளைகளை விட்டு “யோவ் ரொட்டி” என்றுதான் கூப்பிட வைப்பாள். அவள் சொல்லாத பெயரை நானும் சொல்லப்போவதில்லை. வீட்டுக்காரர் என்றே இருக்கட்டும். துணிச் சந்தையில் கடை வைத்திருந்தார். சாந்தமான மனுஷன், சிரித்தால் பல் தெரியும், சத்தம் வராது.

இதை முதலில் ஏன் சொன்னேன் என்றால், அவள் கால் மாட்டிக்கொண்ட இடமே இதுதான்.

அல்தினே கதை எழுதுகிறவள். புத்தகம் போட்டுக் கடையில் தொங்கவிடுகிற கதை இல்லை, கைபேசியில் எழுதி வாட்சப் குரூப்பில் பக்கம் பக்கமாக விடுகிற கதை. மூன்றாவது பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கையில் பிள்ளை, மறு கையின் கட்டைவிரலில் கதை என்று தொடங்கினாள். முதலில் நாற்பது பேர் படித்தார்கள், பாதிப் பேர் சொந்தக்காரிகள். அவர்கள் அடுத்தவர்களுக்கு அனுப்ப, அவர்கள் கடூனா, கட்சினா என்று வேறு ஊர்களுக்கும் அனுப்ப, குரூப் நிரம்பி வழிந்தது. இரண்டாவது குரூப் திறந்தாள், மூன்றாவதும் திறந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஆண்டவன் பெயரைச் சொல்லிவிட்டு, “இந்தப் பக்கம் இன்னாருக்கு” என்று வாசகி ஒருத்தியின் பெயரைப் போடுவது வழக்கம். அந்த ஒரு வரிக்காகப் பெண்கள் காத்துக்கிடந்தார்கள். பிள்ளை பெற்றவள் கேட்பாள், பரீட்சை தேறினவள் கேட்பாள், மாமியாரோடு சண்டை போட்டவளும் கேட்பாள். எல்லாருக்கும் அவள் ‘ஆண்ட்டி அல்தினே’.

கதையின் பெயர் ‘இரண்டாம் அடுப்பு’. ஒரு வீட்டில் மூத்தவள், அவளே தன் வாயால் சொல்வதுபோல் கதை. இரண்டாந்தாரமாக குலு என்று ஒருத்தி வருகிறாள். வந்தவள் மூத்தவளின் குக்கா இலைக் குழம்பில் சாம்பலைக் கலக்குகிறாள், தூவோக் களியில் உப்பை அள்ளிப் போடுகிறாள், போதாததற்கு மந்திரக்காரனிடமும் போகிறாள். வாசகிகளுக்கு குலு என்றால் வயிறு எரியும், ஆனால் குலு இல்லாத பக்கத்தைப் படிக்கமாட்டார்கள்.

அல்தினே இந்தக் கதையைத் தொடங்கிய நாளில் அவள் வீட்டில் ஒரே ஒரு அடுப்புதான் இருந்தது. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். எழுபதாம் பக்கத்தில்தான் வீட்டுக்காரர் வந்து, இன்னொரு பெண்ணைப் பேசியிருக்கிறேன் என்றார்.

வந்தவள் ஹன்னே. இருபத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, கலகல வாய். சாம்பலும் கலக்கவில்லை, மந்திரமும் வைக்கவில்லை. இரண்டு நாள் அவள் சமையல், இரண்டு நாள் அல்தினேயின் சமையல் என்று முறை வந்தது. யாருடைய சமையலோ அவளுடைய அறையில்தான் வீட்டுக்காரர். பதின்மூன்று வருடமாக ஒரு நாளும் ஓயாத கைக்கு இரண்டு நாள் விட்டு இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. அந்த நாட்களில் அல்தினே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதித் தள்ளினாள். வாரம் ஒரு பக்கம் வந்த கதை நான்கு பக்கம் வந்தது. வெளியே ஹன்னே கல்லுரலில் தினை இடிக்கிற சத்தத்துக்கு உள்ளே குலு கெட்டுக்கொண்டே போனாள். கேடுகெட்ட குலுவை வளர்த்ததெல்லாம் நல்ல ஹன்னேயின் உழைப்புத்தான்.

வாசகிகள் லேசுப்பட்டவர்களா? எல்லாரும் முறைச் சமையல் சமைக்கிறவர்கள்தானே. இரண்டு நாள் மௌனம், இரண்டு நாள் பக்கம் என்று வந்ததும் ஒருத்தி எழுதினாள்: “ஆண்ட்டி வீட்டுக்கு ஆள் வந்தாச்சு டோய்!”

இன்னொருத்தி இன்னும் ஆழமாகத் தோண்டினாள். “கவனிச்சீங்களாடி? கதையில பால்காரனுக்குப் பேர் இருக்கு, மந்திரக்காரனுக்குப் பேர் இருக்கு, ஆட்டுக்கே பேர் இருக்கு. வீட்டுக்காரருக்கு மட்டும் பேர் இல்ல. சொந்தப் புருஷன் பேரைத்தானே ஒருத்தி சொல்லமாட்டா?”

நியாயமான கேள்வி. கதை சொல்கிறவள் பெண்டாட்டி, பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வாளா என்ற கூச்சத்தில்தான் அல்தினே பெயரே வைக்காமல் விட்டிருந்தாள். அந்தக் கூச்சமே இப்போது சாட்சி சொன்னது. அன்றிலிருந்து குலு என்றால் ஹன்னே, மூத்தவள் என்றால் அல்தினே, ஏமாளி வீட்டுக்காரர் என்றால் அவள் வீட்டுக்காரர். மூன்று குரூப்பிலும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

துணிச் சந்தையில் வியாபாரிகளின் மனைவிமார் படித்தார்கள், இரவில் புருஷன்மாருக்குச் சொன்னார்கள். காலையில் வீட்டுக்காரர் கடை திறக்கும்போதே எதிர்க்கடைக்காரன் கேட்டான்: “என்ன ஹாஜி, இன்னைக்கு எந்த அடுப்பு? குழம்புல சாம்பல் இருக்கான்னு பாத்துத் தின்னீங்களா?” சந்தையே சிரித்தது. வீட்டுக்காரரும் சிரித்தார், ஆனால் அன்று சீக்கிரமே கடையைச் சாத்தினார்.

ஹன்னேயின் அம்மா வேறு வந்து முற்றத்தில் நின்றுகொண்டாள். உட்கார் என்றாலும் உட்காரவில்லை. “என் பொண்ணு மந்திரக்காரன் வீட்டுக்குப் போனதை நீ பாத்தியா? எங்க தெருவுல பச்சப்புள்ளகூட அவளை ‘குலு’ன்னு கூப்பிடுது. இவளுக்குப் பின்னால ரெண்டு தங்கச்சி இருக்கு, அதுங்களை யாரு கட்டுவா?”

“அம்மா, அது கதைம்மா.”

“கதையா? நெருப்பில்லாம சோறு வேகுமா?”

அன்று மாலை வீட்டுக்காரர் அல்தினேயைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. “இங்க பாரு. அது நம்ம வீடு இல்லேன்னு ஊர் நம்பணும். வெள்ளிக்கிழமைக்குள்ள நம்ப வை. இல்லேன்னா போனை என் கையில குடுத்துடு. அதோட எழுத்து முடிஞ்சுது.”

அன்று சனிக்கிழமை. ஆறு நாள் இருந்தது.

முதலில் அவள் மூன்று குரூப்பிலும் எழுதினாள்: ‘தங்கைகளே, இது முழுக்கக் கற்பனை. என் வீட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.’

பதில் உடனே வந்தது. “ஆண்ட்டி, அவர் பக்கத்துல நிக்கிறாரா? நிக்கிறார்னா ஒரே ஒரு புள்ளி மட்டும் வைங்க.”

அவள் ஒன்றும் வைக்கவில்லை. “பாவம், புள்ளி வைக்கக்கூட விடல” என்றார்கள்.

அடுத்த பக்கத்தில் குலுவை நல்லவளாக்கினாள். காய்ச்சலில் கிடக்கிற மூத்தவளுக்கு குலு கஞ்சி காய்ச்சி ஊட்டுவதாக எழுதினாள். எண்பது பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். மிச்சப் பேர், குலு வைத்த மந்திரம் ஆண்ட்டி கைவிரலிலேயே வேலை செய்கிறது என்று முடிவு கட்டி, குர்ஆன் வசனம் அனுப்பினார்கள். ‘மின்மினி’ என்ற பெயரில் எழுதுகிற ஒருத்தி மட்டும் எல்லாரையும் மிஞ்சினாள்: “கஞ்சியில விஷம் இருக்கு ஆண்ட்டி, குடிக்காதீங்க! தொரத்துங்க அவளை!”

பிறகு எழுதாமல் இருந்து பார்த்தாள். இரண்டாம் நாளே, ஆண்ட்டியை அடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. முன்பின் தெரியாத ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கி, அல்தினேயின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “காயம் தெரியாத எடத்துல அடிச்சிருக்காங்க” என்று அழுதுவிட்டு, ஒரு பை கோசை வடையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம். புதன்கிழமை மத்தியானம் அல்தினே அடுப்படிக்கு வந்து, ஹன்னேயின் பக்கத்தில் குந்தினாள். கைபேசியைச் சட்டிமூடிபோல மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“பேசாம இவர்கிட்ட குடுத்துடறேன். என்னால முடியல.”

ஹன்னே கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். “குடுத்துட்டா? அப்ப ரெண்டு நாள் நீ என்ன பண்ணுவ? என் சமையல்ல உப்புப் பாப்பியா?” சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். “அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அடிக்கக்கூடாது. மின்மினி நான்தான்.”

“எது? தொரத்து தொரத்துன்னு கத்துறவளா?”

“கல்யாணத்துக்கு முந்தியே உன் கதை படிக்கிறேன். இந்த வீட்டுலதான் வாழ்க்கைப்படப் போறேன்னு தெரிஞ்சதும் எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? அப்புறம் எல்லாரும் குலுவைத் திட்ட ஆரம்பிச்சாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா சந்தேகம் வருமில்ல? அதான் எல்லாரையும்விடச் சத்தமாத் திட்டினேன்.”

அல்தினேக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தன்னைத் துரத்தச் சொல்லித் தானே கத்துகிற பெண்ணை இவள் எந்தக் கதையிலும் எழுதியிருக்கவில்லை.

“சரி, வழி ஒண்ணு இருக்கு” என்றாள் ஹன்னே. “கதையில அந்த ஆளுக்கு ஒரு பேர் வை. நம்மவர் பேர் இல்லாத வேற பேர். பேர் வந்துட்டா அது நம்ம வீடு இல்லதானே?”

“அடி பாவி! பொண்டாட்டி வாயால புருஷன் பேரா? காறித் துப்புவாங்க.”

“துப்பட்டும். துப்புறது கதையில இருக்கிறவ மேலதான, உன் மேல இல்லையே.”

இரண்டு பேரும் பெயர் தேடினார்கள். ஒன்று மாமனார் பெயர், ஆகாது. ஒன்று மைத்துனர் பெயர், அதுவும் ஆகாது. ஒன்று எதிர்க்கடைக்காரன் பெயர், சந்தையில் அடுத்த கூத்து தொடங்கிவிடும். வாயில் வருகிற பெயரெல்லாம் யாராவது ஒருவர் மேல் போய் இடித்தது.

“இலியாசு” என்றாள் ஹன்னே, கீரையைப் பார்த்தபடி.

சட்டென்று வந்தது. நாக்கு நுனியில் ரொம்ப நாளாக உட்கார்ந்திருந்ததுபோல வந்தது. அல்தினேக்கு அவசரம், அதை யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை பக்கம் போனது. மூத்தவள் முற்றத்தில் நின்று, கோபத்தில், ஊர் கேட்க, “இலியாசு!” என்று புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதை எழுதி முடிக்க அல்தினேக்கு அரை நாள் ஆனது. அந்த நாலு எழுத்தைத் தட்டும்போது தலையில் முக்காடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குரூப்பில் புயல் அடித்தது. “வெக்கங்கெட்டவ!” “மூத்தவளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு.” “அப்ப இது நெசமில்லையா? இத்தனை நாள் நாங்க அழுதது யாருக்காக?” முந்நூறு பேர் ஒரே நாளில் போனார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த வீட்டுக்காரர் முகம் தெளிந்திருந்தது. சந்தையில் எதிர்க்கடைக்காரனே வந்து, “அது வேற யாரோவாம் ஹாஜி, தப்பா நெனச்சிட்டோம்” என்று சொல்லிவிட்டானாம். போன் அல்தினேயிடமே இருந்தது.

அந்த நிம்மதி மூன்று நாள்தான் தாங்கியது.

திங்கட்கிழமை ஒருத்தி எழுதினாள்: “எந்த இலியாசு ஆண்ட்டி? எங்க தெருவுல ஒரு தையக்கார இலியாசு இருக்கான். ஒரு பொண்ணைக் கேட்டு, குடுக்காம வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டாங்க. இன்னும் கல்யாணம் பண்ணிக்கல. அவனா?”

அவ்வளவுதான். போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள், கூடவே நூறு பேரையும் கூட்டி வந்தார்கள். ஆண்ட்டியின் பழைய காதலன் பெயர் கிடைத்துவிட்டதே!

எழுதியவள் எந்தத் தெரு என்று அல்தினே விசாரித்தாள். அது ஹன்னேயின் அம்மா வீட்டுத் தெரு. வெளியே ஹன்னே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மரக்கரி கனிந்து சிவந்துதான் இருந்தது. இன்னும் ஏன் ஊதுகிறாள் என்று அல்தினே கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்காரர் கேட்டார்: “யாரு அந்த இலியாசு?”

ஹன்னேயின் கை அகப்பையோடு நின்றது.

“என் தலையில வந்த பேருங்க” என்றாள் அல்தினே. “கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உங்களைத் தவிர யாரைத் தெரியும் எனக்கு?”

 அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. “எழுது” என்றார். “ஆனா இனிமே ஒவ்வொரு பக்கமும் வெளிய போறதுக்கு முந்தி நான் கேக்கணும். எனக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அவ படிச்சுக் காட்டட்டும்.” ஹன்னே பக்கம் தாடையை ஆட்டினார். அதுவும் சரிதானே, எழுதுகிற நாளெல்லாம் ஹன்னேயின் முறைதான், அவர் அவள் அறையில்தான் இருப்பார்.

இப்போது கதை இருநூறாவது பக்கத்தைத் தாண்டிவிட்டது. முடிக்க விட்டால்தானே. இலியாசுவை அல்தினே நரைத்த தாடியும் தொப்பையுமாக மாற்றிப் பார்த்தாள், யாரும் நம்பவில்லை. ஒரு பக்கம் அவன் பெயரே வராமல் எழுதினாள். “பேரை யார் அழிச்சது?” என்று ராத்திரி முழுக்கக் கேட்டார்கள். ஆக, பக்கத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பெயரை வைத்தாக வேண்டும்.

எழுதி முடித்ததும் போனைக் கொண்டுபோய் ஹன்னேயின் கையில் கொடுத்துவிட்டு, தன் அறைக்கு வந்து சுவரோரம் உட்காருவாள். நடுவில் ஒற்றை மண்சுவர்தான். ஹன்னே படிப்பது கேட்கும். குலுவைப் படிக்கும்போது குரல் துள்ளும், மூத்தவளைப் படிக்கும்போது அல்தினேயைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டுவாள், வீட்டுக்காரர் சத்தமில்லாமல் சிரிப்பதுகூடத் தெரியும். பிறகு அந்த இடம் வரும். குரல் நிற்கும். ஒரு மூச்சு. பெயரைத் தாண்டி, “அவரு” என்று படித்துவிட்டு மேலே போவாள்.

நேற்றும் அப்படித்தான் நின்றாள்.

“பாத்தியா” என்று வீட்டுக்காரர் சொல்வது சுவர் வழியாகக் கேட்டது. “கதையில வர்ற புருஷன் பேரைக்கூடச் சொல்லமாட்டேங்கிறா. நல்லா வளத்திருக்காங்க.”

இந்தப் பக்கம் அல்தினே முக்காட்டு முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஹன்னே போனைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாசலிலேயே நின்று, குரலை இறக்கிச் சொன்னாள்:

“அனுப்பலாமாம். அக்கா, அந்தத் தொப்பையை மட்டும் எடுத்துடேன்.”

அல்தினே அதை எடுத்துவிட்டு அனுப்பினாள்.