எழும்பூருக்குக் கீழே ஒரு சம்படம் திருநீறு

விடியற்காலை ரயிலில் காரைக்குடியில் ஏற வேண்டும், மத்தியானம் எழும்பூரில் இறங்க வேண்டும், அன்றைக்கே திரும்புகிற ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இதுதான் என் திட்டம். நடுவில் மூன்று மணி நேரம் இருந்தது. அதில் எனக்குத் தேவைப்பட்டது அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்தில் என் பேத்தியின் நெற்றியில் திருநீறு பூச வேண்டும். அவள் அன்றைக்கு ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள்.

எங்கள் வீட்டில் யார் பயணம் கிளம்பினாலும் மூத்தவர் திருநீறு பூசி, "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். கிளம்புகிறவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். பர்மாவுக்குப் போனவர்களும் அப்படித்தான் போனார்கள், பக்கத்துத் தேவகோட்டைக்குப் போனவர்களும் அப்படித்தான். நாலு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரரை நெஞ்சு வலி என்று மதுரை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றினோம். நான் சாவியைத் தேடினேன், போர்வையைத் தேடினேன், அவருடைய கண்ணாடியைத் தேடினேன். திருநீற்றுச் சம்படம் கண்ணுக்கு எதிரே அலமாரியில் இருந்தது. அதை மட்டும் தேடவில்லை. அவர் திரும்பி வந்தபோது அவர் நெற்றியில் வேறு யாரோ பூசியிருந்தார்கள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் படித்தவர். நான் மூன்றாம் வகுப்பு. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

பேத்தி எனக்கு இந்தத் தேசத்தில் மிச்சம் இருந்த ஒரே ஆள். மகனும் மருமகளும் சிங்கப்பூர் போய் வெகுகாலம் ஆகிறது. இவள் காலேஜ் சேரும்வரை காரைக்குடி செக்காலையில் என்னோடுதான் இருந்தாள். பிறகு மெட்ராஸில் வேலை, சென்ட்ரல் பக்கம் ஹாஸ்டல். விசா சட்டென்று வந்ததில் ஊருக்கு வந்து சொல்லிக்கொள்ள அவளுக்கு நேரம் இல்லை. போனில் கூப்பிட்டாள்.

"அப்பத்தா, வீடியோவுல பூசுங்க. நான் நெத்தியக் காமிக்கிறேன்."

"அப்ப சாப்பாட்டையும் வீடியோவுல காமிக்கிறேன், பசியாறிக்க."

"சும்மா இருங்க. இங்க ஒரே மழை. ரோட்ட நம்ப முடியாது. பெட்டியத் தூக்கிக்கிட்டு சென்ட்ரல்ல மெட்ரோ ஏறி நேரா ஏர்போர்ட் போயிருவேன்."

"அந்த ரயில் எழும்பூர் வழியா போகுமா?"

"எழும்பூருக்குக் கீழ போகும். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்றேன். அவளுக்குத் தெரியும், நான் எதையும் சும்மா கேட்பதில்லை. பத்து நிமிடம் சண்டை போட்டுவிட்டு வழி சொன்னாள். சென்ட்ரலில் கிளம்புகிற ரயில்கள் ரெண்டு விதமாம். பாதி ரயில் பரங்கிமலையோடு நின்றுவிடும். அதில் போனால் ஆலந்தூரில் இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டும். மிச்சம் பாதி, மாறாமல் நேரே விமான நிலையத்துக்குப் போகும். இவளிடம் பெரிய பெட்டி இருப்பதால் நேர் ரயிலில்தான் வருவாள். லேடீஸ் பெட்டி நிற்கிற இடம் தரையில் எழுதியிருக்கும், நான் அங்கே நிற்க வேண்டும்.

"ஏர்போர்ட் வரைக்கும் கூட வாங்களேன் அப்பத்தா."

"எனக்குத் திரும்பிப் போற ரயிலு இருக்குல்ல" என்றேன். ரயில் இருந்தது வாஸ்தவம். ஆனால் அவளை அனுப்பிவிட்டு அத்தனை ஸ்டேஷனையும் தனியாக எண்ணிக்கொண்டு திரும்பி வர எனக்குத் தைரியம் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

எழும்பூரில் இறங்கி மாடிப்படியையும் ஓடும் படியையும் தாண்டி பூமிக்குள் போனேன். டிக்கெட் கொடுக்கிற தம்பியிடம் ஒரு பிளாட்பாரம் டிக்கெட் கேட்டேன்.

"அப்படி ஒண்ணு கிடையாதும்மா. எந்த ஸ்டேஷன் போறீங்க?"

"எங்கயும் போகல. கீழ போயி நிக்கணும்."

"நிக்கறதுக்கு டிக்கெட் இல்லம்மா. போறதுக்குத்தான்."

"அப்ப பக்கத்துல எந்த ஊரு இருக்கோ அதுக்குக் குடுங்க. நான் போகாம இருந்துக்கிறேன்."

அந்தத் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார். அடுத்தது பையைச் சோதிக்கிற இடம். காக்கிச் சட்டை போட்ட பெண் சம்படத்தைத் திறந்தாள்.

"என்னம்மா இது, வெள்ளையா?"

"திருநீறு ஆத்தா. காளையார்கோவில்ல வாங்கினது."

"இவ்வளவா?"

"எங்க வம்சத்துக்கே நெத்தி பெருசு. சந்தேகமா இருந்தா நீங்களே கொஞ்சம் பூசிப் பாருங்க. மயக்கம் வந்தா நான் புடிச்சுக்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். நெற்றியைக் காட்டி ஒரு கீற்று பூசச் சொல்லிவிட்டு என்னை உள்ளே விட்டாள். அன்றைக்கு என் கையால் போன முதல் திருநீறு அது.

பிளாட்பாரத்தில் இறங்கியதும்தான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. ரயிலில் ஜன்னல் வழியாகப் பூசிவிடலாம் என்றே நான் கிளம்பி வந்திருந்தேன். காரைக்குடி ஸ்டேஷனில் கம்பிக்கு இடையில் கைவிட்டு எத்தனை நெற்றிக்குப் பூசியிருக்கிறேன்! ரயில் நகர்ந்தால்கூட நாலு எட்டு கூடவே நடந்து மிச்சத்தைப் பூசிவிடலாம். இங்கே ஜன்னல் திறக்காது. திறக்காத ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் பிளாட்பாரம் நெடுகக் கண்ணாடிச் சுவர் வேறு. ரயில் வந்து நின்றால் ரயிலின் கதவும் சுவரின் கதவும் ஒன்றாகத் திறந்தன. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று பார்க்க முருகா முருகா என்று எண்ணினேன். இருபது முருகாவுக்குள் ரெண்டும் சாத்திக்கொண்டன.

சரி, இருபது முருகா போதும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஒவ்வொரு ரயில் வரும்போதும் சம்படத்தைத் திறந்து, மூன்று விரலில் தொட்டு, கதவு வரை நடந்து ஒத்திகை பார்த்தேன். இறங்கியவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எந்த ரயில் எங்கே போகிறது என்று மேலே பலகையில் ஓடியது. நான் "வி", "மா" என்று எழுத்துக் கூட்டுவதற்குள் அது இங்கிலீஷுக்கு மாறிவிடும். மறுபடி தமிழ் வரும்வரை காத்திருந்து "ன"விலிருந்து ஆரம்பிப்பேன். அப்படி மூன்று தவணையில் விமான நிலையம் வந்து சேர்ந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தேன். வெயில் இல்லை, மழை இல்லை, ஒரு ஈ கூட இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் ரயில் ஏறினால் நாலு பேர் கூட வருவார்கள். ஒருத்தர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போவார், ஒருத்தர் அழுவார், ஒருத்தர் பெட்டியை எண்ணிக்கொண்டே இருப்பார். இங்கே வந்தவர்கள் எல்லோரும் போகிறவர்கள். வழியனுப்ப வந்த ஆள் நான் ஒருத்திதான். ரயில் போன பிறகு பிளாட்பாரம் துடைத்துவிட்டதுபோல் காலியாகும். அந்த நேரத்தில் என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. "ஏறிட்டேன் அப்பத்தா. அடுத்து வர்றதுதான். ரெடியா இருங்க."

எழுந்து முதல் கதவுக்கு நேராக நின்றேன். விரலில் திருநீறு. ரயில் வந்தது, கதவு திறந்தது. எதிரிலேயே முகமூடி போட்டுக்கொண்டு, கொண்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு பெண் பெட்டியோடு குனிந்தாள். அதே உயரம், அதே கொண்டை. நான் நெற்றி நிறையப் பூசினேன்.

"நல்லபடியா போயிட்டு வா ஆத்தா."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். கண் வேறாக இருந்தது. "பாட்டி, நான் இப்பதான் வந்து இறங்குறேன்" என்றாள்.

"அப்பத்தா!" என்று சத்தம் கேட்டது. அடுத்த கதவில், உள்ளே, ஆட்களுக்குப் பின்னால் என் பேத்தி பெட்டியை இழுத்துக்கொண்டு முண்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன். முழங்கால் ரெண்டும் ஓடுகிற வயசைத் தாண்டியவை. பதினெட்டாவது முருகாவில் அவள் எதிரே போய் நின்றேன். கை நீட்டினேன். கதவு சாத்திக்கொண்டது. ரயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைந்தது. ரெண்டு கண்ணாடியைத் தாண்டி எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் இருந்த இடத்தில் இருட்டுதான் இருந்தது.

நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் நின்றேன். நெற்றியில் என் திருநீற்றோடு அந்தப் பெண் மட்டும் போகாமல் நின்றாள். "சாரி பாட்டி" என்றாள். அவள் செய்த தப்பு என்ன, பாவம். குனிந்ததுதான்.

மறுபடி போன். "நான் கோயம்பேட்டுல இறங்கி நிக்கப் போறேன். அடுத்து எந்த ரயில் வந்தாலும் ஏறுங்க."

"அது பரங்கிமலை ரயிலா இருந்தா?"

"எதுவா இருந்தாலும் கோயம்பேடு வழியாத்தான் போகணும். பூமியை விட்டு வெளிய வந்ததும் முதல் ஸ்டேஷன். வெளிச்சம் வந்ததும் இறங்கிருங்க."

"உனக்கு நேர் ரயிலு போயிருச்சேடி. ஏரோப்ளேனு நிக்குமா?"

"உங்களுக்காக நிக்காது. சீக்கிரம் ஏறுங்க."

ஏறினேன். போகாமல் இருந்துகொள்கிறேன் என்று வாங்கின டிக்கெட்டோடு போனேன். சம்படத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாக வந்தது, எல்லாம் விளக்கு வெளிச்சம். இதுவா வெளிச்சம், இறங்கவா என்று ஒவ்வொரு தடவையும் பாதி எழுந்தேன். எதிரே இருந்த அம்மாள் தன் பையை நகர்த்தி நகர்த்தி எனக்கு வழிவிட்டு அலுத்துப்போனார். அப்புறம் ரயில் மேட்டில் ஏறுவதுபோல் ஏறியது. சட்டென்று மழையும் வானமும் வந்து ஜன்னலில் அடித்தன.

பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள் என் பேத்தி.

"யாருக்கோ பூசிட்டீகளே. இனி அந்தப் புள்ளைக்குத்தான் ஜெர்மனி."

"அவளாவது குனிஞ்சா. நீ எப்பவாச்சும் எனக்குக் குனிஞ்சிருக்கியா?"

குனிந்தாள். அவசரப்படாமல் பூசினேன். மழைச் சாரலில் ஈரமாகி நெற்றியில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கண்ணில் விழாமல் இருக்க, சின்னப் பிள்ளையில் செய்வதுபோல் கையால் மறைத்து ஊதினேன். பேச நிறைய வைத்திருந்தேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், சாதம் வடிக்கத் தெரியாவிட்டால் போனில் கேள், அப்படி. பலகையில் "விமான நிலையம்" என்று ஓடியது. இந்தத் தடவை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

"நேர் ரயிலு வருது" என்றேன்.

"நீங்க எதிர்ப்பக்கம் போயி ஏறணும். சென்ட்ரல்னு போட்டிருக்கும். எழும்பூர்ல இறங்கிருங்க. தூங்கிறாதீக."

"போயிட்டு வா."

"போயிட்டு வாரேன் அப்பத்தா."

எப்போது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கதவு இருபது முருகா திறந்திருந்தது. அத்தனையையும் அவள் கதவருகில் நின்று எனக்கே கொடுத்தாள்.

எதிர்ப்பக்கம் போய் ரயில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. எதற்குப் பயந்து ஏர்போர்ட் வர மாட்டேன் என்றேனோ அதேதான் நடந்தது, என்ன, ஸ்டேஷன்தான் கொஞ்சம் குறைவு. வானம் ஜன்னலில் சரிந்துகொண்டே வந்து, ரயில் பூமிக்குள் இறங்கியது. இருட்டு வந்ததும் ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிட்டது. அதில் ஒரு கிழவி இருந்தாள். மழையில் முடி ஒட்டிப்போய், சம்படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

காலையில் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்த அவசரத்தில் எனக்கு நான் பூசிக்கொள்ளவில்லை. வழியில் காக்கிச் சட்டைக்குப் பூசினேன், யாரோ பெற்ற பிள்ளைக்குப் பூசினேன், என் பேத்திக்குப் பூசினேன். நானும் பயணம் கிளம்பி வந்தவள்தான் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. இருந்தாலும் யார் பூசுவது? எனக்கு மூத்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை.

சம்படத்தைத் திறந்தேன். அடியில் கொஞ்சம் இருந்தது. மூன்று விரலில் எடுத்து, ஜன்னலைப் பார்த்து, அந்தக் கிழவியின் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பூசினேன். வம்சத்துக்கே பெரிய நெற்றி, முழுதாகப் பூசி முடிக்க ஒரு ஸ்டேஷன் ஆனது.

"பாத்துப் போயிட்டு வா" என்றேன்.

"போயிட்டு வாரேன்" என்று நானே சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு சீட் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.