காகிதத்துக்குள் காகிதம்

நீலத் தொட்டியின் மூடியைத் தூக்கிய செக்கர், கையை விடுவதற்கு முன் மூக்கை விடுகிறார். காகிதம் மட்டும் இருக்கவேண்டிய தொட்டியில் ஈரவாடை அடித்தால் எவரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்தது பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்குமான மஞ்சள். பாட்டிலைக் கழுவித்தான் போட்டார்களா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். கடைசியாக, சமையலறைக் கழிவுக்கான பச்சை.

முப்பத்தோரு வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதித்தவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. கட்டடத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் அவர் செக்கர்தான். டிக்கெட்டைப் பார்த்து ஒருவனையும் பிடித்ததில்லையாம், கையைப் பார்த்துத்தான் பிடித்தாராம். டிக்கெட் எடுக்காதவன் விரல் சும்மா இருக்காது என்பார். இப்போது பையோடு படியிறங்குகிறவர்களின் விரல்களைப் பார்க்கிறார். "என்ன, முடிச்சு இவ்வளவு இறுக்கமா இருக்கு?" என்று அவர் கேட்டால், ஒன்றும் செய்யாதவருக்கும் வியர்த்துவிடும்.

மூன்று வாரமாக அவருக்குத் தூக்கம் சரியில்லை. மஞ்சளில் விழவேண்டிய காலி மாத்திரை அட்டைகள் நீலத் தொட்டியில் விழுகின்றன. குப்பை வண்டிக்காரர் தொட்டியைக் கவிழ்க்கும்போதுதான் அவை சிதறி வெளியே வரும். இரண்டுமுறை எச்சரிக்கைச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது ஒட்டினால் ஒரு மாதத்துக்குக் கட்டடத்துப் பக்கம் வண்டி வராது.

செக்கரின் சந்தேகம் மூன்றாம் மாடித் தையல்காரம்மா மேல். அவரைக் கண்டாலே பையை முதுகுப் பக்கம் கொண்டுபோகிறாள்.

"என் வீட்டுல நூல் துண்டுதான் விழும் அண்ணே. மாத்திரை முழுங்க எனக்கு எங்க நேரம்? உங்க வீட்டையும் ஒருதடவை பாருங்களேன்" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். பாட்டில் மூடியைக்கூடத் தேய்த்துக் கழுவிப் போடுகிறவள் அவர் மனைவி.

நேற்றுக் காலை, சோதனை முடிந்து தெருப்பக்கம் போவதுபோல் போய், கால் மணியில் பின்வாசல் வழியாகத் திரும்பினார். பேருந்தின் முன்வாசலில் இறங்கியதாகக் காட்டிப் பின்வாசலில் ஏறும் பழைய வித்தை. நீலத் தொட்டியின் அடியில் கையை விட்டதும் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது.

நூல் கட்டாத செய்தித்தாள் பொட்டலம். மூன்று முனைகள் உள்ளே மடங்கி, நான்காவது அவற்றின் அடியில் செருகியிருந்தது. வீட்டுச் சோற்றுப் பொட்டலத்தின் இந்த மடிப்பைத்தான் முப்பத்தோரு வருடம் பேருந்தின் கடைசி இருக்கையில் மதியந்தோறும் பிரித்துச் சாப்பிட்டார்.

உள்ளே நான்கு அட்டைகள். அவருடைய அண்ணனுக்கு இதய ஆபரேஷன் ஆனபிறகு கொடுத்த அதே மாத்திரை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, "வாயுதானாம்" என்று மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எந்த டாக்டர், ஏன் இவ்வளவு நேரம், சீட்டு எங்கே என்று அவர் கேட்டதும் வந்தது.

அவள் காய்கறித் தோல் வாளியோடு படியில் நின்றிருந்தாள்.

"எப்போலேருந்து?" குரல் தானாகவே பழைய கறாருக்குப் போய்விட்டது.

"இதுக்குத்தான் சொல்லல. நீங்க கேட்டா, டிக்கெட் எடுக்காம ஏறினவ மாதிரி ஆயிடுது எனக்கு."

மேலேயிருந்து இறங்கிவந்த தையல்காரம்மா, அவர் கையிலிருந்ததைப் பார்த்து நின்றாள். "ஆளு மாட்டியாச்சா அண்ணே?"

"நான்தான்மா. தெரியாமப் போட்டுட்டேன்" என்றார் செக்கர்.

அட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மனைவியின் கையிலிருந்த வாளியை வாங்கினார். உள்ளே பார்க்காமலே பச்சைத் தொட்டியில் கவிழ்த்தார்.