எல்லாக் கொடியும் கட்டிய கேட்

மாலை ஐந்து மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் அறையைக் காலி செய்துவிட்டு கிள்ளான் ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து மலேசிய வெள்ளிக்கும் குறைவு. ஷா ஆலம் வரை நின்றபடிதான் பயணம்.

பார்க்கப் போனது தினேஷின் அம்மாவை. தினேஷ் கிள்ளான்காரன். கனடாவில், பிராம்டன் நகரத்துக் கிடங்கு ஒன்றில் என்னோடு பெட்டி தூக்கியவன். குளிர் தாங்காமல் நான் கிளம்பிவிட்டேன். அவனோ மனைவி, மகளோடு அங்கேயே தங்கிவிட்டான். “இங்க நடக்குற தேர்தல் சண்டையக் கேட்டு அம்மா பயந்து கெடக்குறாங்க, நேர்ல போய்ப் பேசுங்கண்ணே” என்று செய்தி அனுப்பியிருந்தான்.

ஆறேகால் மணிக்குக் கிள்ளான். அங்கிருந்து அம்மாவின் வீடு இருக்கும் பண்டமாரானுக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும். போன் செயலியில் அழைத்த கார், வாடகை பன்னிரண்டு வெள்ளி. இடைத்தேர்தல் முடிந்தும் விளக்குக் கம்பங்களில் கட்சிக் கொடிகள் தொங்கின. யார் ஜெயித்தது என்று டிரைவரைக் கேட்டேன்.

“அண்ணே, சாப்பாடு கேளுங்க, கோயில் கேளுங்க. அரசியல் வேணாம் லா. பேசினா ஸ்டாரக் கொறைச்சிடுறாங்க.”

சிரித்தார். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

தினேஷின் தாய் சரோஜா அம்மா வீட்டு கேட்டில் எல்லாக் கட்சிக் கொடியும் வரிசையாகக் கட்டியிருந்தது.

“எவன் கொண்டாந்தாலும் வாங்கிக் கட்டிடுவேன் தம்பி. அப்பறம் நீ யாரு பக்கம்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். அதையேதான் தினேஷுக்கும் சொன்னேன். ரெண்டு கட்சிப் பலகையும் நட்டுட்டானாம்.”

அங்கே அது சரிவராது. கனடாவில் தேர்தல் வந்தால் அவரவர் வீட்டு முன் புல்தரையில் தம் கட்சியின் பலகையை நடுவார்கள். தினேஷின் இடப்பக்க வீட்டில் நீலக் கட்சிப் பலகை, வலப்பக்கம் சிவப்புக் கட்சி. நான் போன புதிதில் அந்த இருவரும் ஒருவர் வாசல் பனியை மற்றவர் தள்ளிவிடுவார்கள். பள்ளியில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தரலாம், வெளிநாட்டார் எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று பேச்சு முற்றி, நான் கிளம்பும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுகூட இல்லை. நடுவில் இருந்த தினேஷுக்கு அங்கே ஓட்டு கிடையாது. வாசலில் ஒன்றும் நடாமல் இருந்தான். அதனால் இரண்டு வீட்டிலும் அவன் மகள் விளையாடினாள்.

ஏழு மணிக்கு அவனே வீடியோவில் அழைத்தான். அங்கே காலை ஏழு. அவன் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை மூடியிருந்தது.

“அம்மா, ரெண்டு பலகையையும் யாரோ ஒடைச்சு கதவுகிட்ட போட்டுட்டுப் போயிருக்காங்க.”

“எந்தப் பக்கத்துக்காரன்டா?”

“தெரியலமா. ரெண்டு பக்கமும் கோவமா இருக்காங்க. கேலி பண்றியான்னு நேத்து ஒருத்தர் கத்துனாரு.”

கதவு தட்டும் சத்தம் எங்களுக்கும் கேட்டது. தினேஷ் குரலைத் தாழ்த்தினான். அவன் பின்னால் மகள் எழுந்து நின்றாள். அழைப்பு அறுந்தது.

சரோஜா அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு, “அந்த ஊரு நல்ல ஊருதானே தம்பி? நீங்க இருந்தீங்களே” என்றார். நல்ல ஊர்தான் என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

மறுபடி அழைக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது.

“வலப்பக்கத்து வீட்டுக்காரரும்மா. பாப்பா சைக்கிள் அவங்க வீட்ல கெடந்துச்சு. வாசல்ல வெச்சிட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்த பேசல.”

“அடிக்கலியே? அது போதும்டா.”

“இல்லமா. இனி வராதேன்னுதான் அர்த்தம். பாப்பா அழுவுறா.”

போனை வைத்ததும் சரோஜா அம்மா வெளியே போய், கேட்டில் முதல் கொடியின் முடிச்சை அவிழ்த்தார். எதிர் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ரப்பர் குழாயைத் தாழ்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“என்னக்கா, அந்தக் கொடிய மட்டும் கழட்டுறீங்க?”

“கழட்டல லா, லூசாயிருக்கு, இறுக்கிக் கட்டுறேன்.” என் பக்கம் திரும்பி மெல்ல, “தம்பி, இந்த முனையப் பிடிங்க” என்றார். மறுமுனையைக் கேட் கம்பியில் சுற்றினார்.

என் சொந்த ஊரில் நான் ஒரே ஒரு டீக்கடையில் மட்டும் டீ குடித்ததற்கே என்னை ஒரு கட்சியில் சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பித்துத்தான் இத்தனை நாடு சுற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டேன். எதிர் வீட்டுக்காரர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.