மூத்தவளின் வயதோடு பிறக்கும் இனம்

இதில் வரும் ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று முதலில் கதைக்குரியவளிடம் கேட்டேன். ஒன்பது நாள் கழித்துத்தான் பதில் வந்தது. பெயரில்லாமல் எழுதுங்கள், எழுதியதைக் காட்டுங்கள் என்று இரண்டு நிபந்தனை போட்டாள். இரண்டையும் செய்திருக்கிறேன். முன்பே அப்படிச் செய்திருந்தால் எழுதுவதற்கு இந்தக் கதையே இருந்திருக்காது.

நான் தேயிலைத் தோட்ட ஆபீஸ் ஒன்றில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் றக்வான கடைவீதியில் ஒரு போன் ரிப்பேர் கடையின் பின்னறையில் நாலு பேர் கூடுவோம். மதியம் ஒரு மணிக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குவார். மேசையைத் துடைத்துவிட்டுப் பகடைகளை எடுத்து வைப்போம். ரோல்ப்ளே விளையாட்டு என்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி, முடிவெடுத்து, அது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். கதை நடத்துகிறவன் நான். ஆடுகிறவர்கள் மூன்று பேர்: கடைக்காரர், கல்விக் கந்தோரில், அதாவது கல்வி அலுவலகத்தில், வேலை செய்யும் ஒரு சிங்கள நண்பர், தோட்டத்தில் எங்கள் டிவிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். டீச்சர் எங்கள் லயத்து வரிசைவீடுகளில் வளர்ந்த பிள்ளைதான். என்னை அண்ணே என்பாள். நான் தங்கச்சி என்பேன்.

விதிப்புத்தகம் ஆங்கிலம். அதிலுள்ள இனங்களான காது நீண்டவர்களும் தாடிக் குள்ளர்களும் எங்களுக்கு அலுத்துப்போய்விட்டார்கள். ஒரு ஞாயிறு கடைக்காரர் கேட்டார், "அண்ணே, இவனுங்க எல்லாம் பனி பெய்யிற ஊர்க்காரனுங்க. நம்ம மலையில இருந்து ஒரு கூட்டம் கெளம்பாதா?"

எனக்கு அது பிடித்துக்கொண்டது. ஒரு இனத்தை உண்டாக்குவது என்றால் தோலுக்கு நிறமும் தலைக்குக் கொம்பும் கொடுப்பதல்ல என்பது என் எண்ணம். அது எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எப்படிச் சாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று வாரம் அதே வேலையாக இருந்தேன். பூமிக்குள் வருடக்கணக்கில் கிடந்துவிட்டு மேலே வரும் பூச்சிகள், நடுவயதில் ஆணாக மாறும் மீன்கள் பற்றியெல்லாம் படித்தேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதுபோல நாலு வருடத்துக்கொருமுறை இடுப்பளவில் வெட்டுண்டு, பழைய நினைவெல்லாம் போய்த் துளிர்க்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். செடிக்கு ஆள் வேஷம் போட்டதுபோல இருந்தது. கிழித்துவிட்டேன்.

நாலாம் வாரம் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

அந்த நோட்டுப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் டிவிஷனில் நடக்கும் பிறப்பு, சாவு, கல்யாணம், மண்சரிவு, கூரை மாற்றியது, கோயில் கொடியேற்றியது எல்லாவற்றையும் கிழமையோடு எழுதிவைப்பது என் பழக்கம். யாரும் சொல்லிச் செய்ததல்ல. எங்கள் ஆட்களுக்குத் தேதி என்பது எப்போதும் வேறு யாரோ எழுதி வைத்ததாக இருக்கிறது. அதில் பாதி பிழை. அடையாள அட்டைக்கோ, பென்ஷனுக்கோ தேதி தெரியாமல் அலைகிறவர்கள் என் கதவைத் தட்டுவார்கள். கண்டுபிடித்துக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமை என்றுதான் சொல்லவேண்டும்.

அப்படித்தான் டீச்சரும் ஒருநாள் வந்தாள். தன்னுடைய பிறந்த நாளைக் கண்டுபிடித்துத் தரமுடியுமா என்று கேட்டாள். சர்ட்டிபிகேட் இருக்கிறதே என்றேன். அது தன்னுடையதல்ல என்றாள்.

அவள் அம்மாவுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. பிறப்பைப் பதிந்தார்கள், சர்ட்டிபிகேட் கிடைத்தது. இரண்டு வயதில் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. சாவைப் பதிய யாரும் போகவில்லை. பிறகு இவள் பிறந்தாள். அதே பெயரை வைத்தார்கள். பதிவுக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை விடவேண்டும், டவுனுக்கு இரண்டு பஸ் ஏறவேண்டும். தகரப்பெட்டியில்தான் ஒரு சர்ட்டிபிகேட் இருக்கிறதே. பெயரும் அதுதான், அப்பா அம்மாவும் அதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அதையே நீட்டினார்கள். இப்படி நடந்த வீடுகள் எங்கள் பக்கம் ஒன்றிரண்டு அல்ல. யாரும் அதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. இருந்த காகிதம் இருந்த பிள்ளைக்கு, அவ்வளவுதான். அந்தக் காகிதத்தில்தான் அவள் பரீட்சை எழுதினாள், டீச்சரானாள். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும். அந்த வீட்டில் மாதச் சம்பளம் அது ஒன்றுதான்.

இவள் பிறந்ததைப் பற்றி அம்மாவுக்கு ஞாபகமிருந்தது இவ்வளவுதான்: மூணாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டிய வருடம்; அம்மன் திருவிழா முடிந்து எட்டாம் நாள்; மறுநாள் பௌர்ணமி, போயா லீவு. ஆபீஸில் பழைய கவ்வாத்துப் பதிவைத் தேடி வருடத்தைப் பிடித்தேன். கோயில் ரசீதுக் கட்டைப் பிரித்துத் திருவிழாவைப் பிடித்தேன். பழைய பஞ்சாங்கத்தில் பௌர்ணமியைப் பிடித்தேன். மூன்றும் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்து நின்றன. காகிதத்தில் இருந்த தேதிக்கும் அந்தச் செவ்வாய்க்கும் இடையில் மூன்று வருடம், இரண்டு மாதம், பத்தொன்பது நாள்.

சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இத எங்கயும் எழுதாதீங்க அண்ணே" என்றாள். சரி என்றேன். அன்று சாயங்காலமே எழுதினேன். பெயர் போடவில்லை, 'லயத்தில் ஒரு பெண்' என்றுதான் போட்டேன். அம்மா சொன்ன, அக்கா செத்த மாதம், இவள் பிறந்த செவ்வாய், இடைப்பட்ட காலம் எல்லாம் அதில் இருந்தன. பெயரில்லாவிட்டால் அது எழுதாததற்குச் சமம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதினேன். இந்த இனத்தில் மூத்த பிள்ளை நிலைப்பதில்லை. அது இரண்டு வருடம் இருந்து, பேசப் பழகி, பெயரைக் கேட்டால் திரும்பிப் பார்க்கும் வயதில் போய்விடும். அடுத்த பிள்ளை மூத்ததின் பெயரோடும் வயதோடும் பிறக்கும். பிறந்த அன்றே அதற்கு மூன்று வருடம், இரண்டு மாதம், பத்தொன்பது நாள். வாழ்க்கை முழுக்க அந்தக் காலம் அதன் நிழலில் கூடவே நடக்கும். கடைசியில் மூத்தது வந்து தன் காலத்தைத் திருப்பிக் கேட்கும். அதனால் இந்த இனத்தார் எல்லோரும் தங்கள் நேரத்துக்கு அவ்வளவு முன்பாகவே சாவார்கள். சாகிறவரைப் பெயர் சொல்லி அழைத்தால் இரண்டு குரல் பதில் சொல்லும்.

எனக்கே புல்லரித்தது. மூன்று வருடம் என்று மட்டும் போட்டிருக்கலாம், ஐந்து என்று மாற்றியிருக்கலாம். ஏறக்குறைய என்று எழுத என் கை வராது. அவள் மேசையில் இருப்பாளே என்பது தோன்றவில்லையா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். தோன்றியது. அவளுக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். நாளும் மாதமும் வந்த வரியில் அவள் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தாள். நான் வாசித்துக்கொண்டே போனேன்.

கடைக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்ப இவனுங்க ஐடென்டி கார்ட்ல யாரு போட்டோ அண்ணே ஒட்டுவாங்க? செத்ததா, இருக்குறதா?" என்று கேட்டுச் சிரித்தார். தன் பேஸ்புக் குழுவில் போடலாமா என்றார். போடுங்க என்றேன். அவர் அங்கேயே நாலு பக்கத்தையும் போனில் படமெடுத்தார். பிறகு சீண்டினார். "ஆனா கொஞ்சம் ஓவர் அண்ணே. செத்த புள்ளையோட வயசுல எவனாவது வாழ முடியுமா? இது நடக்குற காரியமா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதியது எதையும் யாரும் நடக்காத காரியம் என்று சொன்னதில்லை.

"நடந்திருக்கு," என்றேன். "நம்ம டிவிஷன்லயே. தேதி கூட என்கிட்ட இருக்கு."

சொன்ன வாய் மூடுவதற்குள் நான் அவளைப் பார்த்தேன். பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. கண் போய்விட்டது.

கல்விக் கந்தோர் நண்பர் எனக்கு எதிரில் இருந்தார். ஆசிரியர்களின் பைல்கள் அவர் மேசை வழியாகத்தான் போகும். என் கண் போன திசையில் அவர் கண்ணும் போனது. உடனே குனிந்து பகடைகளை நிறவாரியாக அடுக்கத் தொடங்கினார். கடைக்காரர் மட்டும் விடவில்லை. "யாருண்ணே? சொல்லுங்க, நாங்க வெளிய சொல்ல மாட்டோம்." நான் ஏதோ உளறினேன். பழைய காலத்துக் கதை, ஆட்கள் இப்போது இல்லை என்றேன்.

அவள்தான் பேச்சைத் திருப்பினாள். "நான் இந்த இனத்துல ஒரு ஆள எடுக்குறேன் அண்ணே. ரூல்ஸ்ல ஒன்னு கேக்கணும். அந்த மூத்த புள்ள எதுக்கு திருப்பிக் கேக்குது? அது கெட்ட புள்ளையா?"

கதைக்கு நன்றாக இருக்கும் என்று எழுதியது அது.

"கேக்காதுன்னு மாத்துங்க," என்றாள். "அது குடுத்துட்டுப் போனது."

மாற்றினேன். நால்வரும் இன்னும் ஒரு மணி நேரம் ஆடினோம். யார் என்ன உருட்டினார்கள் என்பது எதுவும் எனக்கு நினைவில்லை. ஞாயிறு ஆட்டங்களையும் நான் எழுதிவைப்பதுண்டு. அன்றைக்கு எழுதவில்லை.

நாலரை பஸ்ஸில் நாங்கள் இருவரும் வழக்கமாக ஒன்றாகத்தான் திரும்புவோம். அன்று அவள் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து எங்கள் சந்தியில் இறங்கியதும் நான் பின்னால் ஓடினேன். பெயர் எழுதவில்லையே தங்கச்சி என்றேன். வாயைத் திறந்ததும் முதலில் வந்தது அதுதான். மன்னிப்பு பிறகுதான் வந்தது.

அவள் நின்றாள். "நீங்க எனக்கு பொறந்த நாள் தேடிக் குடுத்தீங்க அண்ணே. அன்னைக்கு அம்மா பாயாசம் வச்சிச்சு, எனக்கு இருபத்தெட்டு வயசுல மொத தடவையா. அந்த நாள நீங்க டைஸ் போட்டு வெளாடக் குடுத்தீங்க." பிறகு, "அந்தத் தாள் எனக்கு வேணும்" என்றாள்.

அப்போதும் நான் உடனே சரி சொல்லவில்லை. அந்தத் தாளின் மறுபக்கத்தில் வேறு இரண்டு வீட்டுச் சாவும் ஒரு மண்சரிவும் இருக்கின்றன, அவற்றைப் படியெடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு நடந்தாள்.

கடைக்காரர் போட்ட பதிவை எடுக்கச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரு போன் போட்டிருந்தால் போதும். அந்த இரண்டு நாளும் அதன் கீழே வந்த கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தேன். யாரோ முன்பின் தெரியாதவர்கள், இப்படி ஒரு வாழ்க்கைச் சுழற்சியை எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டு முறை வாசித்தேன். இதை இங்கே சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது.

கந்தோர் நண்பர் ஒன்றும் செய்யவில்லை. புதன்கிழமை அவளைப் போனில் அழைத்து, "மிஸ், பயப்பட வேணாம். பைல் ஹரி, சரியாத்தான் இருக்கு. நான் ஒன்னும் கேக்கல்ல" என்று மட்டும் சொன்னாராம். நல்ல மனிதர். இரண்டு மாதத்தில் நியமனம் நிரந்தரமான கடிதமும் வந்தது. ஆனால் அவள் இனி எந்தக் கடுதாசிக்கு அந்தக் கந்தோருக்குப் போனாலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும். முன்பு இது அவளுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்த விஷயம். நான் இன்னொருவரைச் சேர்த்துவிட்டேன். அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், ஓய்வு பெறும்வரை அவர் நல்லவராகவே இருக்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவேண்டும்.

அந்த ஞாயிறுக்கு அடுத்து வந்த போயா லீவிலேயே தாளைக் கொண்டுபோனேன். பிளேடால் வெட்டி எடுத்திருந்தேன். படியெடுக்கவில்லை. அந்த இரண்டு சாவையும் மண்சரிவையும் கேட்டால் இனி வாய்மொழியாகத்தான் சொல்வேன். அவள் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் வாங்க தம்பி என்று பிளேன்டீ போட எழுந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறந்த நாள் கண்டுபிடித்துக் கொடுத்த தம்பிக்கு என்று சீனியும் கூடுதலாகப் போட்டார். அதைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

அவள் வாசலில் நின்றபடியே தாளை வாங்கி வாசித்தாள். அடுப்பில் போடுவாள் என்று நினைத்தேன். மடித்தாள், திரும்பப் பிரித்தாள்.

"அக்கா செத்த மாசம் இதுல மட்டுந்தானே இருக்கு," என்றாள், அம்மாவுக்குக் கேட்காத குரலில். "வேற எங்கயும் அவ செத்ததா இல்ல."

"ஆமா" என்றேன்.

தாளைச் சேலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "இனி எங்க வீட்டுல நல்லது நடந்தாலும் எழுதாதீங்க அண்ணே. ஞாயித்துக்கெழமைக்கும் என்னை எதிர்பாக்க வேணாம்."

அந்த வீட்டில் அதன்பிறகு ஒரு நல்லது நடந்தது. அழைப்பு வந்தது, போனேன், கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அது என்ன கிழமை என்று என் நோட்டுப் புத்தகத்தில் இல்லை.