சொல்லாமல் செய்த வைத்தியம்

அண்ணனை மதுரையில் ஒரு குடிநோய் மருத்துவமனையில் சேர்த்தபோது, அவருக்குக் கோயம்புத்தூர் மில்லில் வேலை கிடைத்திருப்பதாக அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்பா இல்லாத வீடு. குடிகாரன் தங்கச்சி என்று பெயர் வந்துவிட்டால் அலங்காநல்லூருக்கு எவன் பெண் கேட்டு வருவான் என்பது அம்மாவின் பயம்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். முதல் தடவை அண்ணன் டம்ளரைப் பிடிக்க முடியாமல் டீயைச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சில வாரம் கழித்துப் போனபோது அவரே எங்களுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். "மருந்து கொடுத்தது எங்க வேலை. மிச்சம் உங்க வேலை. சொந்தக்காரங்க எல்லார்ட்டயும் சொல்லிருங்க. தெரிஞ்சாத்தான் யாரும் ஊத்திக் கொடுக்க மாட்டாங்க."

கேட்டைத் தாண்டியதும் அம்மா சொன்னாள்: "அதான் வைத்தியம் பாத்தாச்சுல்ல. ஊருக்குள்ள எதுக்குத் தமுக்கடிக்கணும்? மொதல்ல இவ கல்யாணம் முடியட்டும்."

மருத்துவமனைச் செலவுக்கு அம்மா கொஞ்சமும் யோசித்ததில்லை. வெளியே சொல்வது ஒன்றுதான் அவளால் முடியவில்லை. அண்ணனும் எனக்காகச் சரி என்றார். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

கொட்டாம்பட்டிப் பக்கம் வரன் அமைந்து கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வினை மறுவீட்டன்று வந்தது. மறுவீடு என்றால் எங்கள் பக்கம் பெண் வீட்டில் கறிவிருந்து. மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்கு மொட்டை மாடியில் பாட்டிலும் வைக்க வேண்டும். ஊற்றிக் கொடுத்து, கூட உட்கார்ந்து குடிக்க வேண்டியவர் பெண்ணின் அண்ணன். ஒதுங்கி நின்றால் சம்பந்தியை மதிக்கவில்லை என்றாகிவிடும்.

நான் கறிச் சுக்காத் தட்டோடு மாடி ஏறியபோது, என் கணவரின் சித்தப்பா அண்ணன் கையில் டம்ளரைத் திணித்துக்கொண்டிருந்தார். "என்ன மாப்ள, எங்க கூடக் குடிச்சா கௌரவம் கொறஞ்சு போயிருமா?"

"வயித்துவலி மாமா," என்று அண்ணன் சிரித்து மழுப்பினார். சித்தப்பா விடுவதாக இல்லை. டம்ளர் அண்ணனின் உதடு வரை போனது. அண்ணன் கண்ணில் தெரிந்த ஆசையைப் பார்த்துவிட்டேன்.

தட்டைப் போட்டுவிட்டு டம்ளரைப் பிடுங்கினேன். "எங்கண்ணே குடிக்கக் கூடாது. குடிய நிறுத்த ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்திருக்கு!"

என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மாமனார் எழுந்து அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எம்புட்டுச் செலவாகும் தம்பி?"

"நெறைய ஆகும் மாமா."

"செஞ்சா நல்லா ஆயிருமா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "தெரியல மாமா. இம்புட்டு நாளா குடிக்கல. இப்ப உங்க மருமக பிடுங்கலைன்னா குடிச்சிருப்பேன்."

மாமனார் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சுவரோரம் டம்ளரோடு உட்கார்ந்திருந்த என் கணவரைக் காட்டி, "இவனையும் அங்க கூட்டிட்டுப் போறீகளா?" என்று கேட்டார்.

என் கணவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.