ஜெயித்த சேனாபதியும் பயந்த ராஜாவும்

1. மாஸ்டர் இருக்காரா?

பௌர்ணமியன்று காலை ஒரு குடும்பம் என் மெஸ் வாசலில் நின்று கேட்டது:

"ஏழுமலை மாஸ்டர் இருக்காரா?"

"லீவுங்க. உள்ள வாங்க, சூடா பொங்கல் இருக்குது."

"பரவால்லீங்க, அப்புறமா வர்றோம்."

முதலாளி நான் கல்லாவில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் போய்விட்டார்கள்! ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தட்டு கழுவி, மாவாட்டி, செங்கம் ரோட்டில் தனியாளாக நான் உண்டாக்கிய மெஸ் அது. கீழ்பென்னாத்தூரில் கடலைக் கொல்லையில் நின்ற ஏழுமலையைக் கூட்டிவந்து கரண்டி பிடிக்க வைத்ததும் நான்தான். இப்போது அவன் பேருக்குக் கூட்டம். கார்த்திகை தீபத்துக்குள் திருப்பத்தூரிலிருந்து வேறு மாஸ்டரைக் கொண்டுவந்து, இவனைக் காய் நறுக்க உட்கார வைப்பது என்று முடிவு செய்து, அதை அடுப்படியில் சொல்லியும்விட்டேன்.

2. ஊர் ஊராகச் சேனாபதிகள்

ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்களிடம் எல்லோரும் தியானம் பற்றிக் கேட்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்க ஊர்ல பெரிய சேனாபதி யாரு? கடைசில இன்னா ஆனான்?" கிரிவலக் கூட்டத்தைச் சமாளிக்கிற நானும் ஒரு சேனாபதி என்கிற எண்ணம்தான் காரணம்.

அந்தப் பௌர்ணமியன்று ஒரு ஜப்பான்காரர் சொன்னார்: அண்ணனுக்காகச் சண்டை போட்டு ஜெயித்தான் ஒரு தம்பி. அண்ணனுக்கு அவன்மேல் சந்தேகம். துரத்தித் துரத்திக் கடைசியில் தற்கொலை செய்துகொள்ள வைத்துவிட்டான்.

அன்று மாலை டீ குடிக்க வந்த இத்தாலி அம்மாவிடம் இதைச் சொன்னேன். சரித்திர டீச்சராக இருந்து ரிட்டயரானவர், இங்கேயே தங்கித் தமிழ் பேசப் பழகியவர்.

"எங்க பக்கமும் உண்டு ஐயா. ஒரு சேனாபதி ராஜாவுக்கு ஊர் ஊரா ஜெயிச்சுக் குடுத்தான். ராஜா அவன் கண்ணையே பிடுங்கிட்டதா ஒரு கதை."

"நம்ம பக்கம் அப்படி இல்ல மேடம். வாதாபியை அடிச்சிட்டு வந்த சேனாபதி சிவனடியாருன்னு தெரிஞ்சதும், பல்லவ ராஜா மன்னிப்பு கேட்டு, மரியாதையா ஊருக்கு அனுப்பி வெச்சான். நாயன்மாராவே ஆயிட்டாரு. இவங்க எல்லாருமே சூரனுங்க. விதி மட்டும் ஏன் வேற வேற?"

"சேனாபதி குணத்தை மட்டும் பாக்குறீங்க. ராஜா குணத்தையும் பாருங்க."

"நானும் சேனாபதிதான் மேடம்."

அந்த அம்மா சிரித்தார். "கரண்டி ஏழுமலை கையில. கல்லாவுல நீங்க. நீங்க ராஜா ஐயா!"

எனக்குச் சுருக்கென்றது.

3. போய்டட்டுமா?

மறுநாள் ஏழுமலை நேரே கல்லாவுக்கு வந்தான்.

"மொதலாளி, திருப்பத்தூர் ஆளு வர்றானாமே? சொல்லிடுங்க, போய்டறேன்."

"எங்கடா போவ?"

"கொல்லைல கடலை போடுவேன். அவன் கீழ நின்னு காய் நறுக்க மாட்டேன்."

தீபம் நெருங்குகிறது. இவன் போனால் அடுப்படி ஆட்களும் பின்னாலேயே போவார்கள். இரு என்று கெஞ்சத்தான் நினைத்தேன்; இத்தாலி அம்மா சொன்ன 'ராஜா' காதில் கேட்க, என் வாயில் வந்தது வேறு.

"வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு எடம் பாத்திருக்கேன். தீபம் முடிஞ்சதும் தனியா கடை நடத்து. போர்டுல உன் பேரு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஓடலன்னா?"

"ஓடலன்னா எனக்கு நிம்மதி."

"ஓடிச்சின்னா?"

"காசு குடுத்துச் சாப்புட்டுட்டுப் போறேன், போடா."

இன்று வேங்கிக்கால் கடையில் என் கடையைவிடக் கூட்டம் ஜாஸ்தி. பார்த்தால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. எல்லா ராஜாவுக்கும் எரிந்திருக்கும். எரியும்போது கை எதைச் செய்கிறது என்பதில்தான் சேனாபதியின் தலையெழுத்து இருக்கிறது. தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். என்னை எந்த வரிசையில் வைப்பது என்று கேட்டால், கூச்சப்படாமல் சொல்வேன்: பல்லவ ராஜாவுக்குப் பக்கத்தில்.